விறாந்தைக்கு எது: பொஸ்டன் ஃபேர்னா, அஸ்பரகஸ் ஃபேர்னா?

திருகோணமலையில் சாடிச் செடிக்கு வெயிலைவிடக் கச்சான் காற்றுத்தான் பெரிய சோதனை. மே மாதம் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை அடிக்கும் அந்த உலர்காற்றை எது தாங்கும் என்று பார்த்தே செடி வாங்க வேண்டும்.

பொஸ்டன் உண்மையான பன்னம் (ஃபேர்ன்). வேர் மெல்லியது, மேலோட்டமானது. தண்ணீரைச் சேமிக்க இடமில்லை. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காற்றிலும் ஈரம் வேண்டும். கச்சான் நாளில் ஒரு வேளை தண்ணீர் தவறினாலே நுனி கருகி, சிற்றிலைகள் தரையெல்லாம் கொட்டும். குளியலறை யன்னலோரம் என்றால் வைக்கலாம். பூனை, நாய் கடித்தாலும் ஆபத்தில்லை என்பது அதன் பெரிய நன்மை.

அஸ்பரகஸ் பெயரில் மட்டுமே ஃபேர்ன். தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது, நாம் கஞ்சி காய்ச்சும் சாத்தாவாரிக்குச் சொந்தம். அதில் ஸ்ப்ரெங்கரி என்ற தொங்கும் வகையின் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: வேரில் விரற்கணு அளவில் வெளிறிய கிழங்குகள் தொங்கும். அவற்றில் தண்ணீர் இருப்பதால் இரண்டு நாள் மறந்தாலும் செடி பிழைக்கும். ஆனால் மாரியில் தூவானம் பட்டு மண் ஊறிக்கிடந்தால் அதே கிழங்குகள்தான் முதலில் அழுகும்.

தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் அஸ்பரகஸ் மஞ்சளாகும் என்பதால் பலர் தவறான பக்கம் வைத்தியம் செய்கிறார்கள். மண் சாடி விளிம்பைவிட்டு விலகி, தொட்டதும் ஊசியிலைகள் சொரிந்தால் தண்ணீர்க் குறைவு. மண் ஈரமாகவே இருக்க, தண்டு அடியிலிருந்து மஞ்சளாகி இழுத்ததும் கையோடு வந்தால் அழுகல். ஒரு அங்குல ஆழத்தில் விரலுக்கு ஈரம் தெரியாதபோது மட்டும் ஊற்றுங்கள்.

அஸ்பரகஸிலும் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். தொங்கும் ஸ்ப்ரெங்கரி காலை வெயிலையும் காற்றையும் தாங்கும். விறாந்தைக்கு அதையே சொல்வேன். தண்டில் முள் உண்டு, வெட்டும்போது கையுறை போடுங்கள். மாலைகட்டுவோர் பூச்செண்டில் சேர்க்கும் புளூமோசஸ் அழகு கூடியது, ஆனால் காற்றடிக்கும் இடத்தில் பழுத்துவிடும். மண்டபத்துள் வெளிச்சமான யன்னலருகே வையுங்கள். இரண்டின் பழமும் சிறுபிள்ளைக்கும் பூனைக்கும் வாந்தி, வயிற்றோட்டம் தரக்கூடியது. பூனை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் தூக்குங்கள், இல்லையேல் பொஸ்டனே நல்லது.

மண் கலவை: மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு நுனியைக் கருக்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு வரும்; மழைத் தண்ணீரைச் சேர்த்து, அடித்துளையால் நன்றாக ஓடும்வரை ஊற்றிக் கழுவுங்கள்.

கச்சானில் சிற்றுண்ணி வரும். தண்டுகளுக்கிடையே மெல்லிய வலை, வெளிறிய புள்ளி தெரிந்தால் செடியைச் சாய்த்து, நீர்த்தாரையால் உட்பக்கம்வரை கழுவி, மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பழுத்த தண்டை நுனியில் கத்தரிக்காமல் மண் மட்டத்தில் வெட்டுங்கள். வெட்டிய நுனி மறுபடி நீளாது, புதுத்தண்டு அடியிலிருந்தே வரும்.