ஆளுக்கொரு கம்பெனி: என் வீட்டு ஆடியோ செட்டுடன் சில ஆண்டுகள்

மதுரை திருநகரில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஆடியோ செட்டில் எந்த இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனியுடையவை அல்ல. டிவி ஒரு கம்பெனி, சிடி பிளேயர் வேறு கம்பெனி, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றித் தரும் டாக் ஆன்லைனில் வாங்கியது. ஆம்பிளிபயர், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அசெம்பிள் செய்து கொடுத்தது. ஒலித்தரத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன்னளவில் நன்றாகவே வேலை செய்கிறது. என்னைப் பாடாய்ப் படுத்தியதெல்லாம் ஒன்றை இன்னொன்றோடு இணைத்ததுதான்.

டிவியையும் டாக்கையும் ஆப்டிகல் கேபிளால் இணைத்தேன். தோஷிபா 1983இல் கொண்டுவந்த இணைப்பு இது. முனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும், செருகினால் ‘டிக்’ என்று உட்காரும். உட்கார்ந்தது. செய்தி சேனல் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஓடிடியில் சினிமா போட்டால் மயான அமைதி.

ஆப்டிகலிலும், ஒளிக்குப் பதில் செம்புக் கம்பியில் அனுப்பும் கோஆக்சியலிலும் ஓடுவது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஐஎஃப் முறை. சுருக்காத பிசிஎம் ஒலி என்றால் அதில் இரண்டு சேனல்தான் போகும். ஆறு சேனல் வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் போலச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே கேபிளில்தான் போகின்றன. வந்ததைப் பிரித்துப் படிக்க முடியுமா என்பது வாங்கும் பெட்டியின் பாடு. என் டாக்குக்கு பிசிஎம் மட்டுமே தெரியும். டால்பி வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு முன் வைத்திருந்த மலிவான டாக், புரியாததை எல்லாம் பெரும் இரைச்சலாகக் கொட்டியது. வால்யூம் கூடுதலாக இருந்திருந்தால் ஸ்பீக்கரில் கீச்சு ஒலிக்கான ட்வீட்டர் போயிருக்கும்.

தீர்வு டிவி மெனுவிலேயே இருக்கிறது. டிஜிட்டல் ஒலி வெளியீடு ‘ஆட்டோ’ என்றிருப்பதை ‘பிசிஎம்’ என்று மாற்றினால் போதும். ஆனால் டிவி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும்போது சில நேரம் அது பழையபடி ‘ஆட்டோ’வுக்குப் போய்விடுகிறது. ‘படத்தில் சத்தம் வரவில்லை’ என்று வீட்டில் குரல் எழுந்தால் நான் கேபிளைத் தொடுவதில்லை, நேரே மெனுவுக்குப் போகிறேன்.

மெக்கானிக்கிடம் சொன்னபோது, “டிகோடர் போர்டு போட்டுத் தருகிறேன் சார், டால்பி, டிடிஎஸ் இரண்டையும் எடுக்கும்” என்றார். டிடிஎஸ், டால்பி போலவே ஒலியைச் சுருக்கி அனுப்பும் இன்னொரு முறை. “டிவி டிடிஎஸ்ஸை வெளியே விட வேண்டுமே அண்ணே” என்றேன். “அது டிவிக்காரன் சமாசாரம்” என்று சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. விதிமுறை அனுப்பும் வழியைத்தான் சொல்கிறது. எதை அனுப்புவது, எதை ஏற்பது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி முடிவு செய்கிறது. நமக்குக் கிடைப்பது இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் இடம் மட்டும்தான்.

கணினியை முதலில் யூஎஸ்பி வழியாக டாக்கில் இணைத்திருந்தேன். யூஎஸ்பி ஆடியோ விதிமுறையின் இரண்டாம் பதிப்பின்படி செய்த டாக்குகளுக்கு விண்டோஸ் 2017 வரை தானாக வழிவிடவில்லை; தயாரிப்பாளர் தரும் டிரைவரை நிறுவ வேண்டியிருந்தது. லினக்ஸில் இந்தத் தலைவலி கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை ‘ம்ம்ம்’ என்று விடாமல் கேட்ட 50 ஹெர்ட்ஸ் ஹம். செட்டாப் பாக்ஸில் இருந்த கேபிள் டிவி வயரைக் கழற்றினேன், ஹம் நின்றது. மாட்டினேன், வந்தது. தெருவிலிருந்து வரும் அந்த வயரின் உறையும் வீட்டு எர்த்தும் டிவி, கணினி, ஆம்பிளிபயர் வழியாக ஒரு வளையமாகிவிட்டிருந்தன. எர்த் பின்னைக் கழற்றிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது, வேண்டாம். கணினியின் ஆப்டிகல் வெளியீட்டுக்கு மாறினேன். ஒளி போகும் வழியில் செம்புக் கம்பி இல்லாததால் வளையம் அறுந்தது, ஹம்மும் போனது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிந்தார்கள் என்று ஒரு வேகக் கணக்கு உண்டு. சிடியிலிருந்து எடுத்த பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோக்களின் ஒலி பெரும்பாலும் 48. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது டாக் புதிய வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை ஒலியை அடைத்து வைக்கிறது. அரை நொடிதான். ஆனால் அந்த அரை நொடியில் தவிலின் முதல் அடி காணாமல் போகிறது, நாதஸ்வரம் பாதி மூச்சில் நுழைகிறது. மல்லாரியை இப்படித் தலை வெட்டிக் கேட்பதற்கு கேட்காமலே இருக்கலாம். இதே டாக்கில் சிடி பிளேயரை இணைத்தால் இந்தக் குறை இல்லை. வட்டு முழுவதும் ஒரே வேகம் என்பதால் ஓட்டம் அறுவதில்லை. கணினியில் எல்லா ஒலியையும் 48க்கு மாற்றியே அனுப்பும்படி அமைத்துவிட்டேன். தரம் குறையும் என்று வாதிடுபவர்கள் உண்டு. என் காதுக்கு எதுவும் குறையவில்லை, தவில் அடி திரும்பக் கிடைத்தது.

சிடி பிளேயரின் கோஆக்சியல் இணைப்புக்கு விலையுயர்ந்த கேபிள் தேவையில்லை. 75 ஓம் கேபிள் போதும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ வயரே இன்றுவரை ஓடுகிறது.

ஆப்டிகலில் தீராத குறை ஒன்று உண்டு. டிவி ரிமோட்டில் வால்யூமை மாற்றினால் ஆம்பிளிபயருக்குத் தெரியாது. அம்மா இரண்டு ரிமோட்டையும் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்தே வைத்திருக்கிறார். டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்பிளிபயருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி, 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அது இந்தக் குறையைத் தீர்க்கத்தான் செய்கிறது, ஒரு பெட்டியின் ரிமோட் கட்டளையை அதே கேபிளில் மற்றதற்குக் கடத்தும் சிஇசி ஒத்துழைத்தால். அந்தச் சிஇசிக்கு சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர். மெனுவில் எந்தப் பெயரைத் தேடுவது என்பதே தெரியாமல், அண்ணா நகரில் மைத்துனர் வீட்டு சவுண்ட்பார் பல நாள் ஊமையாகக் கிடந்தது.

அடுத்து டிவி மாற்ற வேண்டியிருக்கிறது. கடைக்காரர் படத்தின் தெளிவைக் காட்டிக்கொண்டிருக்க, நான் பின்பக்கம் குனிந்து ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். சில புதிய மாடல்களில் அதை எடுத்தே விட்டார்கள். அப்படி ஒன்றை வாங்கினால் ஏஆர்சியிலிருந்து ஆப்டிகலைப் பிரித்தெடுக்கும் சிறு பெட்டி ஒன்று நடுவில் வர வேண்டும். அதற்குத் தனி அடாப்டர், தனி விலை, தனியாக ஒரு சிஇசி தகராறு.