ஓப்பன்ஃபோமைக் கொண்டு சி.எஃப்.டி. கற்றல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கும் சி.எஃப்.டி. பாடத்தை எந்த மென்பொருளில் தொடங்குவது என்ற கேள்வி, இறுதியாண்டுத் திட்டப்பணி நெருங்கும்போதெல்லாம் பொறியியல் கல்லூரிகளில் எழுகிறது. இயந்திரப் பொறியியல் இளநிலை மாணவனாக இருந்தபோது தொடங்கி, முதுநிலை ஆய்வேடு முடியும் வரையிலும் அதன் பிறகும் நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது ஓப்பன்ஃபோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விரைவாக முடித்துத் தரும் மென்பொருள் என்று பார்த்தால் அதற்கு நடுத்தரமான மதிப்பெண்தான் தருவேன்; பாடத்தைக் கற்றுத்தரும் கருவி என்று பார்த்தால் அதற்கு ஈடாக நான் கையாண்ட வேறெதுவும் இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய இந்த மென்பொருள், 2004 டிசம்பரில் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தின் கீழ் மூலநிரலோடு வெளியிடப்பட்டது. கட்டணம் கிடையாது, வணிக மென்பொருள்களின் மாணவர் பதிப்புகளில் இருப்பதுபோல் கணக்கிடும் பரப்பைப் பிரிக்கும் சிறு கட்டங்களான செல்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் கிடையாது. உபுண்டுவில் நேரடியாகவும், விண்டோஸில், அதற்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். வழியாகவும் நிறுவிக்கொள்ளலாம். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியிலேயே மாணவருக்குத் தேவையான பெரும்பாலான கணக்குகளை ஓட்டிவிடலாம்.

இதில் சொடுக்கி நகரும் திரைகள் எவையும் இல்லை. ஒரு கணக்கு என்பது ஒரு கோப்புறை. அதனுள் பூஜ்யம், கான்ஸ்டன்ட், சிஸ்டம் என்ற பெயர்களில் மூன்று உட்கோப்புறைகள். தொடக்க நிலையும் எல்லை நிபந்தனைகளும் முதலாவதில், பாய்மத்தின் பண்புகளும் செல்களால் ஆன வலையான மெஷ்ஷும் இரண்டாவதில், நேரப்படி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலம்), கணித முறைகள், சமன்பாடுகளைத் தீர்க்கும் வழி ஆகியவை மூன்றாவதில் உரைக் கோப்புகளாக இருக்கும். முதல் சில வாரங்கள் இது பெரும் தொல்லையாகத் தோன்றும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேறு மென்பொருளில் முன்னிருப்பாக அமைந்து, கண்ணில் படாமலே கடந்துபோகும் ஒவ்வொரு முடிவையும் இங்கே கையால் எழுதியாக வேண்டியிருப்பதால், அந்த முடிவு ஏன் என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடிவதில்லை.

முதல் பயிற்சியாகத் தரப்படும் கேவிட்டி கணக்கையே எடுத்துக்கொள்வோம். 0.1 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பெட்டி. மூன்று சுவர்கள் அசையாதவை. மேல்மூடி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. மெஷ் 20 × 20 செல்கள், இயக்கப் பாகுநிலை 0.01, ஆகவே ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) 10. நேரப்படி 0.005 நொடி என்று கண்ட்ரோல்டிக்ட் கோப்பில் எழுதியிருக்கும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது. ஒரு செல்லின் அகலம் 0.005 மீட்டர், மூடியை ஒட்டிய பாய்மம் ஒரு நேரப்படியில் சரியாக ஒரு செல்லைக் கடக்கிறது, அதாவது கூரண்ட் எண் அதிகபட்சம் 1. செல்களை 40 × 40 ஆக்கினால் நேரப்படியை 0.0025 ஆகக் குறைக்க வேண்டும். மெஷ்ஷை நுணுக்கமாக்கினால் கணக்கு ஏன் இத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த வகுப்பும் எனக்குத் தரவில்லை.

பெரும்பாலோர் இந்தக் கணக்கை ஒருமுறை ஓட்டி, விடைகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அங்கேயே தங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. பாகுநிலையை 0.001 ஆக்கினால் ரெனால்ட்ஸ் எண் 100. அதற்குக் கியா, கியா, ஷின் மூவரும் 1982இல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது: பெட்டியின் நடுச் செங்குத்துக் கோட்டில் கிடைமட்டத் திசைவேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு, மூடியின் வேகத்தோடு ஒப்பிட, சுமார் -0.211; அது அமையும் இடம் அடியிலிருந்து பெட்டி உயரத்தின் ஏறத்தாழ 0.45 பங்கில். முரட்டு மெஷ்ஷில் இந்த எண்ணிலிருந்து சிறிது விலகி நிற்கும் விடை, செல்களை 40, 80 என இரட்டிப்பாக்கும்போது அதை நெருங்கிவருவதைத் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டாம் தரத் துல்லியமுள்ள முறையில் செல்லின் அகலம் பாதியானால் பிழை நான்கில் ஒரு பங்காக வேண்டும் என்று தேர்வுக்காகப் படித்த வரி, அப்போதுதான் கையில் பிடிபடுகிறது. பிறகு பாகுநிலையை 0.0001 ஆக்கி ரெனால்ட்ஸ் எண் 1000க்குப் போகலாம். அங்கே குறைந்தபட்ச மதிப்பு சுமார் -0.383, அதுவும் அடிச்சுவருக்கு நெருக்கமாக, உயரத்தின் 0.17 பங்கில். பயிற்சியில் தந்திருக்கும் 0.5 நொடி இதற்குப் போதவே போதாது. ஓட்டம் நிலைபெறும் வரை முடிவு நேரத்தைப் பல மடங்கு நீட்டிக்க வேண்டும். இந்த ஒரு சதுரத்தில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு சிறப்பை இங்கே சொல்லியாக வேண்டும். பூஜ்யம் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அளவின் பரிமாணத்தை ஏழு எண்களால் குறிக்க வேண்டும்: நிறை, நீளம், காலம், வெப்பநிலை, மோல், மின்னோட்டம், ஒளிச்செறிவு என்ற வரிசையில். பரிமாணம் ஒத்துவராத இரண்டு அளவுகளைக் கூட்ட முயன்றால் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். ஐகோஃபோம் என்ற சால்வரின் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலின்) அழுத்தக் கோப்பில் பாஸ்கலுக்குரிய பரிமாணம் இருக்காது. அடர்த்தியால் வகுக்கப்பட்ட அழுத்தம் என்பதால் நீளத்தின் வர்க்கத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்த பரிமாணம் இருக்கும். அந்த எண்ணை நீரின் அடர்த்தியால் பெருக்காமல் அப்படியே பாஸ்கல் என்று அறிக்கையில் எழுதினால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். ஏழு எண்களைப் படிக்கப் பழகியவருக்கு அது நேராது.

எனினும் ஓப்பன்ஃபோமைத் தொடுவதற்கு முன் ஒரு பரிமாண வெப்பக் கடத்தலையும், பாய்வும் பரவலும் சேர்ந்த சமன்பாட்டையும் பைத்தானில் சொந்தமாக எழுதிப் பார்ப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன். செல்லின் பெக்லெட் எண் (பரவலோடு ஒப்பிடப் பாய்வின் வலிமை) 2ஐத் தாண்டும்போது, இரு பக்கச் செல்களின் சராசரியை எடுக்கும் மைய வேறுபாட்டு முறையில் விடை மேலும் கீழும் அலைவதையும், ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பை எடுக்கும் அப்விண்ட் முறையில் அந்த அலைவு மறைந்து, கூர்மையான மாற்றம் தேய்ந்து பரவிவிடுவதையும் ஐம்பது வரி நிரலிலேயே பார்த்துவிடலாம். அதைப் பார்த்தவருக்கு கணித முறைகளைக் குறிக்கும் எஃப்.வி. ஸ்கீம்ஸ் கோப்பில் லீனியர், அப்விண்ட், லீனியர்அப்விண்ட் என்று எழுதியிருப்பவை வெறும் தெரிவுகளாகத் தோன்றா. உருளையைச் சுற்றிய ஓட்டத்தில், ரெனால்ட்ஸ் எண் 100இல், சுழல்கள் மாறி மாறி உதிரும்போது ஸ்ட்ரவுஹால் எண் (உதிர்வு அதிர்வெண்ணின் பரிமாணமற்ற அளவு) சுமார் 0.165 வர வேண்டும். முரட்டு மெஷ்ஷில் முதல்தர அப்விண்டை வைத்தால் சுழல் உதிர்வே அடங்கிப்போய், பார்ப்பதற்கு மிக நேர்த்தியான, முற்றிலும் தவறான படம் கிடைக்கக்கூடும். ரெசிடுவல் (சமன்பாடுகளில் எஞ்சும் பிழை) வரைகோடுகளும் அழகாகவே இறங்கியிருக்கும்.

கொந்தளிப்பு ஓட்டங்களுக்கு வரும்போது பொறுமை இன்னும் அதிகம் தேவை. சுவரை ஒட்டிய முதல் செல்லின் ஒய் பிளஸ் மதிப்பு (சுவரிலிருந்து உள்ள பரிமாணமற்ற தூரம்), சுவரருகே ஓட்டத்தைத் தோராயச் சூத்திரத்தால் கணிக்கும் வால் ஃபங்ஷன் பயன்படுத்தினால் சுமார் 30க்கும் 300க்கும் இடையில் இருக்க வேண்டும். சுவர் வரை தீர்க்க விரும்பினால் 1ஐ ஒட்டி இருக்க வேண்டும். பிட்ஸ்டெய்லி என்ற படிக்கட்டு ஓட்டப் பயிற்சியை கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாதிரியிலும், மென்டர் 1994இல் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. மாதிரியிலும் ஓட்டி, பிரிந்த ஓட்டம் மீண்டும் தரையைத் தொடும் தூரத்தை ஒப்பிடுங்கள். கே-எப்சிலான் அதைக் குறைத்துக் காட்டும் இயல்புடையது என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி.

குறைகளுக்கு வருகிறேன். பெரும் குறை மெஷ் உருவாக்கம். பிளாக்மெஷ் எளிய வடிவங்களுக்கு அருமையானது. வளைந்த பாகங்களுக்கு ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ்ஷைத்தான் நாட வேண்டும். அதன் கோப்பில் உள்ள எண்களின் விளைவைப் புரிந்துகொள்ளவே ஒரு பருவம் பிடிக்கும். கூர்மையான விளிம்புகளில் சுவரடுக்குகள் சேராமல் உதிர்ந்துபோவது வழக்கம். செக்மெஷ் கட்டளை 70 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தின்மையை (அடுத்தடுத்த செல்களின் மையங்களை இணைக்கும் கோடு அவற்றின் பொது முகத்துக்குச் செங்குத்தாக இல்லாமையை) சுட்டினால் அதைக் கடந்துபோகாமல், கணக்கைத் தொடங்குமுன் சரிசெய்வதே நல்லது. அடுத்த குறை பதிப்புப் பிரிவு. ஓப்பன்ஃபோம் அறக்கட்டளையின் பதிப்புகள் 11, 12 என்று எண்ணால் வருகின்றன. மற்றொரு கிளையின் பதிப்புகள் ஆண்டு, மாதத்தைப் பெயராகக் கொண்டு ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. அறக்கட்டளையின் 11ஆம் பதிப்பிலிருந்து சிம்பிள்ஃபோம் போன்ற பல தனிச் சால்வர்கள் ஃபோம்ரன் என்ற ஒரே கட்டளையின் கீழ் தொகுதிகளாக மாற்றப்பட்டுவிட்டன. பழைய காணொளியைப் பார்த்துப் புதிய பதிப்பில் தட்டச்சு செய்யும் மாணவர் திகைத்துப்போவது இதனால்தான். ஏதேனும் ஒரு கிளையைத் தேர்ந்து, படிப்பு முடியும் வரை அதிலேயே இருந்துவிடுங்கள்.

பிழைச் செய்திகள் நீளமானவை. ஆனால் அவற்றின் முதல் சில வரிகளில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் பெரும்பாலும் இருக்கும். எந்த முறைகளைத் தரலாம் என்று தெரியாதபோது அந்த இடத்தில் பனானா என்பதுபோல் தொடர்பில்லாத ஒரு சொல்லை எழுதி ஓட்டினால், ஏற்கத்தக்க பெயர்கள் அனைத்தையும் மென்பொருளே பட்டியலிட்டுவிடும். பயனர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் உத்தி இது. கோட்பாட்டுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஸ்ரீனிவாஸ் ஜெயந்தி என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் தளத்தில் நடத்திய தொடரும், மென்பொருள் பயிற்சிக்குப் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ என்ற திறமூல மென்பொருள் திட்டமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இரண்டு மாதத்தில் வெப்பமாற்றி ஒன்றின் முப்பரிமாணக் கணக்கை முடித்து ஒப்படைக்க வேண்டிய இறுதியாண்டு மாணவருக்கு ஓப்பன்ஃபோமை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வகத்தில் உரிமத்தோடு இருக்கும் வணிக மென்பொருளே அவருக்கு ஏற்றது. பாய்ம இயந்திரவியல் தாளை அண்மையில் முடித்து, எண்சார் முறைகளும் ஓரளவு லினக்ஸும் தெரிந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் தயங்காமல் தொடங்கலாம். முடித்த கணக்குகளைப் பாதுகாப்பதும் எளிது: பிளாக்மெஷ் கொண்டு அமைத்த கணக்கில் மெஷ்ஷையும் விடைகளையும் நீக்கிவிட்டால் எஞ்சும் உரைக் கோப்புகள் சில கிலோபைட்டுகளே வரும், அதே பதிப்பை வைத்திருக்கும் இளைய மாணவர் எவரும் அவற்றைப் பெற்றுத் தம் கணினியில் மீண்டும் ஓட்டி, எண்களைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.