ஆர்ச்சர்ட் விளக்குகளா, தேக்காப் பொங்கலா, சைனாடவுன் சந்தையா?

சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. ஆயினும் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் காலத்தில், நகரம் அடுத்தடுத்து விழாக்கோலம் பூணுகிறது. அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கல் விடுமுறைக்கும் ஊரிலிருந்து உறவினர் வருவதும் பெரும்பாலும் இப்பருவத்தில்தான். ஒரு மாலையை மட்டுமே ஒதுக்க முடியுமென்றால் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது? ஒளியூட்டின் அழகைவிட, வருகிறவரை அந்த விழா பங்குகொள்ள விடுகிறதா, வெறும் பார்வையாளராக நிறுத்திவிடுகிறதா என்பதையே இங்கு முதன்மை அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் ஒளியூட்டு 1984 முதல் நடந்துவருகிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் இந்த அலங்காரத்தைக் காணக் கட்டணமில்லை, நடைபாதை அகலமானது, மழை வந்தால் கடைத்தொகுதிக்குள்ளோ சுரங்கப்பாதையிலோ ஒதுங்கிக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் இதைவிட வசதியான இடம் இப்பருவத்தில் இல்லை. ஆனால் இது முதன்மையாக ஒரு வணிகச் சாலையின் கொண்டாட்டம். அண்ணாந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தவிர நமக்கு அங்கே செய்வதற்கு அதிகமில்லை. கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை தி பே) கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் செயற்கைப் பனி உண்டென்றாலும் அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். கிறிஸ்துமஸை வழிபாடாக உணர விரும்புவோர், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்திற்குச் செல்வதே பொருத்தம் என்பேன்.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் பொங்கல் நடக்கும் விதம் வேறு. இங்கு பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. எனவே வேலை முடிந்து வருவோரும் வார இறுதியில் குடும்பத்தோடு வருவோருமே கூட்டமாகச் சேர்கிறார்கள். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷா ஏற்பாடு செய்யும் கொண்டாட்டத்தின் மையம் கேம்பல் லேன். கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் விற்கும் கடைகள், கூட்டாகப் பொங்கல் வைக்கும் நிகழ்ச்சி, கோலம் ஆகியவற்றோடு, உள்ளூர்ப் பால் பண்ணையிலிருந்து மாடு கன்றுகளும் கொண்டுவரப்படுகின்றன. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒரு கன்றுக்குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு இந்நகரில் வேறு வாய்ப்பு அரிது. மாட்டுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவும் புதிதன்று: 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்தது என்பதற்கு அருகிலுள்ள பஃபலோ ரோடு இன்றும் சாட்சி. கேம்பல் லேன் முனையில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் இருப்பதால், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு என் தேர்வு தயக்கமின்றித் தேக்காதான். தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவருக்கு இது சிறியதாகத் தோன்றலாம். தெரு குறுகலானது, ஞாயிறு மாலையில் நகர இடமிருக்காது என்பதும் உண்மை.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்வது சைனாடவுன். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் நியூ பிரிட்ஜ் சாலையும் யூ டோங் சென் ஸ்திரீட்டும் சீன ராசிப்படி அவ்வாண்டுக்குரிய விலங்கின் உருவோடு ஒளிர்கின்றன. உள்தெருக்களில் மாண்டரின் ஆரஞ்சு, அன்னாசி டார்ட், சிவப்புக் காகித அலங்காரங்கள் என்று சந்தை களைகட்டுகிறது. கடைக்காரர் சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார், பேரம் பேசலாம், வாங்கியதை எடுத்துக்கொண்டு சீன அண்டைவீட்டாரைப் பார்க்கப் போகலாம். பங்குகொள்ள இதற்குமேல் என்ன வேண்டும்? நம்மவருக்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. சந்தையை ஒட்டிய சவுத் பிரிட்ஜ் சாலையில்தான் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமே பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. இத்தீவில் தமிழர் எப்போது, யாருடன் வாழத் தொடங்கினர் என்பதை விருந்தினருக்கு விளக்க அந்தச் சாலையே போதும். ஒரே எச்சரிக்கை: புத்தாண்டுக்கு முந்தைய இரவோடு சந்தை முடிந்துவிடும், விடுமுறை நாள்களில் போனால் பல கடைகள் அடைத்திருக்கும். சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் நிகழ்ச்சிகளான, 1987இல் தொடங்கிய ஹோங்பாவ் நதிவிழாவும், பட்டாசுத் தடைக்குப் பின் 1973இல் தொடங்கிய சிங்கே ஊர்வலமும் பிரம்மாண்டமானவை. ஆயினும் என் அளவுகோலில் அவை இரண்டாம் இடத்துக்கே வரும்.

தைப்பூசத்தை இந்த வரிசையில் வைத்து எடைபோட எனக்கு மனமில்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் காவடியும் பால்குடமும் சுமந்து நடப்பவர்கள் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். 1968 வரை பொது விடுமுறையாக இருந்த அந்நாளில், இன்று விடுப்பு எடுத்துக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். நீண்டகாலம் தடைசெய்யப்பட்டிருந்த இசைக்கு 2016இல் குறிப்பிட்ட இடங்களில் அனுமதி கிடைத்தபோது எத்தனை குடும்பங்கள் மகிழ்ந்தன என்பதை உள்ளூர்த் தமிழர் அறிவர். விருந்தினரை அழைத்துச் செல்வதானால், பால்குடம் எடுக்கும் உறவினர் ஒருவருடன் முழுத் தொலைவும் நடக்கச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், கோயிலில் தொண்டூழியர்களோடு சேர்ந்து அன்னதானத்துக்குக் கைகொடுக்க இயலுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.