நெட்ஃபிளிக்ஸ்: 199 போதுமா, 649 வேண்டுமா, தியேட்டருக்கே போய்விடலாமா?

நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் நான்கு திட்டங்கள் விற்கிறது. மொபைல் ரூ.149, பேசிக் ரூ.199, ஸ்டாண்டர்ட் ரூ.499, பிரீமியம் ரூ.649. 2021 டிசம்பரில் குறைத்து அறிவித்த விலைகள் இவை. வருடச் சந்தா கிடையாது, மாதாமாதம்தான் கட்ட வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. தமிழ்ப் படம் பார்ப்பதற்காகவே கட்டுகிற வீட்டுக்கு இதுதான் பெரிய வசதி. எந்த மாதம் கட்டுவது, எந்த மாதம் விடுவது என்பது நம் கையில் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 43 இன்ச் வரைக்கும் டிவி உள்ள வீட்டுக்கு ரூ.199 திட்டம், வருடத்தில் நான்கு மாதம். செலவு ரூ.796. அதே வீடு 'நல்லதாகவே இருக்கட்டும்' என்று பிரீமியம் எடுத்து மறந்துவிட்டால் வருடத்துக்கு ரூ.7,788 போகும். பார்க்கிற படங்கள் பெரும்பாலும் அதேதான்.

மொபைல் திட்டத்தில் சீக்கிரம் முடிவெடுக்கலாம். ஃபோனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், தரம் 480பி (மேலிருந்து கீழாக 480 புள்ளி வரிசை உள்ள படம்), ஃபோனில் ஓடுவதை டிவிக்கு அனுப்பி (காஸ்ட் செய்து) பார்க்க முடியாது. ஹாஸ்டலில் இருப்பவருக்கும், தினம் ஒரு மணி நேரம் ரயிலில் போய்வருபவருக்கும் சரி. வீட்டில் டிவி இருந்தால் 50 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆறு இன்ச் திரையைச் சுற்றி நான்கு பேர் உட்கார வேண்டியிருக்கும்.

யோசிக்க வேண்டியது 199-க்கும் 499-க்கும் நடுவில்தான். பேசிக் தருவது 720பி, ஸ்டாண்டர்ட் தருவது 1080பி, அதாவது ஃபுல் ஹெச்டி. 'ஃபுல் ஹெச்டி டிவியில் 720பி பார்த்தால் கேவலமாக இருக்காதா?' என்பது முதலில் வரும் கேள்வி. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே டேப் போட்டு அளந்தால் பதில் கிடைத்துவிடும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காது. 43 இன்ச் திரையில் 720பி படத்தின் ஒரு புள்ளி சுமார் முக்கால் மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் எட்டரை அடிக்கு அப்பால் அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. 32 இன்ச் டிவி என்றால் ஆறேகால் அடி போதும். சுவரில் மாட்டிய டிவிக்கும் எதிர்ச்சுவர் சோபாவுக்கும் ஒன்பது, பத்து அடி இருக்கிற ஹாலில் பேசிக் திட்டம் குறை வைக்காது.

ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் தெரியும். இரவுக் காட்சிகளில், புகை, மூடுபனி வருகிற இடங்களில் கறுப்பு திட்டுத் திட்டாக உடையும். அது புள்ளி எண்ணிக்கையால் வருவதல்ல, நொடிக்கு அனுப்பும் டேட்டா குறைவதால் வருவது. இருட்டிலேயே நடக்கிற த்ரில்லர்களை விரும்பிப் பார்ப்பவர் என்றால் 499-க்கு அது ஒரு காரணம். மற்றபடி ஸ்டாண்டர்டின் உண்மையான பலன், ஒரே நேரத்தில் இரண்டு திரையில் ஓடும் என்பதே. ஹாலில் அம்மா ஒன்று, அறையில் பிள்ளை ஒன்று என்று தினமும் நடக்கிற வீடா, அல்லது மாதத்தில் இரண்டு தடவை நடக்கிற சண்டையா? இரண்டாவது என்றால் மாதம் 300 ரூபாய் அதிகம்.

பிரீமியம் தருவது 4கே (1080பி-யைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள்), நான்கு திரை. 55 இன்ச் டிவியில்கூட ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் 1080பி-க்கும் 4கே-வுக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைக் கண் பிரிக்காது. நான்கு திரையை நான்கு வீட்டார் பங்குபோடும் வழியும் 2023 ஜூலையோடு அடைபட்டது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் அப்போது இந்தியாவிலும் கெடுபிடியைத் தொடங்கியது. 65 இன்ச் டிவி, கிட்டத்தில் உட்காரும் சின்ன ஹால், வேகமான இணைப்பு மூன்றும் இருந்தால் எடுக்கலாம். 4கே மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும், ஹெச்டி 3 ஜிபி வரை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய திட்டம் கட்டியும் படம் மங்கலாக இருக்கிறது என்ற புகார் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் காரணம் இணைய வேகம் இல்லை, படத்தை ஓட்டுகிற கருவி. ஆண்ட்ராய்டு கருவிகளில், படத்தை யாரும் நகலெடுக்காமல் தடுக்க வைட்வைன் என்ற பூட்டு முறை இருக்கிறது. அதில் எல்1 சான்று இருந்தால்தான் ஹெச்டி வரும். எல்3 என்றால் எவ்வளவு கட்டினாலும் 480பி-தான். மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பலவும் எல்3. ரூட் செய்த (ஆண்ட்ராய்டின் கட்டுப்பாடுகளை உடைத்த) ஃபோனும், மதர்போர்டு மாற்றிய ஃபோனும் சில சமயம் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிடும். ஃபோனில் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தைத் திறந்தால் எல்1-ஆ எல்3-ஆ என்று எழுதியிருக்கும். 199-லிருந்து 499-க்கு ஏறும் முன் இதைப் பார்க்க வேண்டும். இதே காரணத்தால்தான் '4கே சப்போர்ட்' என்று அட்டையில் அடித்து விற்கும் மலிவு புரொஜெக்டர்கள் பலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் ஒழுங்காக ஓடுவதில்லை. அந்த '4கே' பெரும்பாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலைச் சொல்வது, திரையில் விழும் படத்தை அல்ல.

ரீசார்ஜோடு நெட்ஃபிளிக்ஸ் 'இலவசம்' என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த விலைப்படி ஜியோவில் 84 நாளுக்கு தினம் 2 ஜிபி ரூ.859. அதே 84 நாள், அதே 2 ஜிபி, கூடவே நெட்ஃபிளிக்ஸ் மொபைல் என்றால் ரூ.1,299. வித்தியாசம் 440. தனியாகக் கட்டினால் 84 நாளுக்கு விகிதப்படி 417 ரூபாய்தான் வரும். இதில் மிச்சம் எதுவும் இல்லை. இடையில் நிறுத்தும் உரிமையும் போய்விடுகிறது. இப்போதைய விலை மாறியிருக்கலாம், ஆனால் கழித்தல் கணக்கு அதேதான்: ஓடிடி உள்ள ரீசார்ஜிலிருந்து, அதே நாள், அதே டேட்டா உள்ள சாதா ரீசார்ஜைக் கழிக்க வேண்டும். பிறகு அந்தச் சேவையை நாமாகக் கட்டியிருப்போமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் கட்டுவது? தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருவது இப்போது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. 'மகாராஜா' 2024 ஜூன் 14-ல் வெளியாகி ஜூலை 12-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 'கோட்' அதே ஆண்டு செப்டம்பர் 5, பிறகு அக்டோபர் 3. இரண்டும் சரியாக 28 நாள். தியேட்டரில் நன்றாக ஓடினால் தள்ளிப்போகும். 'அமரன்' அக்டோபர் 31-ல் வந்து டிசம்பர் 5-ல்தான் நெட்ஃபிளிக்ஸ் ஏறியது, 35 நாள். எந்தத் தளம் வாங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வதந்திச் செய்திகளைத் தேடவே வேண்டாம். தியேட்டரில் படம் தொடங்கும்போது, தயாரிப்பு நிறுவனப் பெயர்களுக்கு முன்னால் வருகிற அட்டைகளிலேயே பெரும்பாலும் அது வந்துவிடும்.

இந்த 28 நாளை வைத்துத்தான் மாதத்தைக் குறிக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கே. முதல் படம் வந்த அன்றே கட்டிவிடுகிறார்கள். மூன்று படங்கள் 3-ம் தேதி, 12-ம் தேதி, அடுத்த மாதம் 5-ம் தேதி என்று வரப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 3-ம் தேதி கட்டியவருக்கு மூன்றாவது படம் கிடைக்க இரண்டாவது மாதமும் கட்ட வேண்டும். பொறுத்திருந்து அடுத்த மாதம் 5-ம் தேதி கட்டுகிறவருக்கு ஒரே மாதத்தில் மூன்றும் கிடைக்கும். ஓடிடிக்கு வந்த படம் அடுத்த வாரமே ஓடிவிடாது. கடைசிப் படம் வரும் நாளில்தான் சந்தாவைத் தொடங்க வேண்டும்.

அமேசான் பிரைமில் கணக்கு வேறு. மாதம் ரூ.299, வருடம் ரூ.1,499. ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினாலே 1,495 வந்துவிடும், எனவே ஐந்தாவது மாதம் தேவைப்படும் என்று தெரிந்தால் வருடமாகவே எடுத்துவிடலாம். படத்துக்காக மட்டும் என்றால் நான்கு மாதத்துக்கு மேல் பலருக்குத் தேவைப்படாது. சாமான் வாங்குகிறவர்களுக்கு டெலிவரிக் கட்டணம் மிச்சமாவதையும் சேர்க்க வேண்டும். 2025 ஜூன் 17 முதல் நடுவில் விளம்பரமும் வருகிறது. அது வேண்டாமென்றால் மாதம் 129 அல்லது வருடம் 699 தனியாக. காசு கொடுத்து வாங்கிய சேவையில் விளம்பரத்தை நுழைத்துவிட்டு, அதை எடுக்க மறுபடி காசு கேட்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, 28 நாள் காத்திருக்காமல் தியேட்டருக்குப் போவது எப்போது? சென்னை மல்டிபிளெக்ஸில் சாதாரண இருக்கை ரூ.190 சுற்றில் இருக்கிறது. நான்கு பேருக்கு 760. ஆன்லைனில் எடுத்தால் ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ரூ.35.40 என்றால், நான்குக்கு 141.60. இது புக்கிங்குக்கு ஒரு தடவை அல்ல, டிக்கெட்டுக்கு ஒரு தடவை. டிக்கெட்டை ரத்து செய்தாலும் பொதுவாக இது திரும்பி வராது. ஆக 900 ரூபாய் தாண்டியாயிற்று, இன்னும் உள்ளே நுழையவில்லை. ஒரு பெரிய பாப்கார்ன் டப்பாவும் இரண்டு குளிர்பானமும் இன்னும் இரண்டு டிக்கெட் விலையைத் தாண்டும். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. அதே தீர்ப்பில் குடிநீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் விற்கும் கவுண்டரில், குடிநீர் எங்கே என்று தயங்காமல் கேட்கலாம்.

இதில் ஒன்று கவனிக்கத் தக்கது. தனியாக வாழ்கிற ஒருவர் கவுண்டரில் டிக்கெட் எடுத்தால் ஒரு படம் 190, கிட்டத்தட்ட பேசிக் திட்டத்தின் ஒரு மாதம். அவர் மாதம் ஒரு படம்தான் பார்ப்பார் என்றால் தியேட்டரே அவருக்கு ஏற்றது, ஓடிடி கட்டவே தேவையில்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்குத்தான் காத்திருப்பது லாபம்.

குடும்பத்தோடும் தியேட்டருக்குப் போக வேண்டிய படங்கள் உண்டு. ஒலிக்காகப் போகலாம். அடிவயிற்றில் அதிர்கிற பேஸ், பின்பக்கச் சுவரிலிருந்து வரும் சத்தம் எல்லாம் டிவி ஸ்பீக்கரில் கிடையாது. பேய்ப் படத்துக்கும், கூட்டத்தோடு சிரிக்கிற நகைச்சுவைப் படத்துக்கும் போகலாம். இரண்டிலும் பாதிப் படத்தை அரங்கில் இருப்பவர்கள்தான் ஓட்டுகிறார்கள். நான்கு சுவருக்குள் பேசிப் பேசி நகரும் குடும்பக் கதை எவ்வளவு நல்ல படமானாலும் வீட்டில் கெடாது. இரண்டாவது வாரம், வார நாள், மாலைக் காட்சிக்கு முந்தைய காட்சி என்றால் கவுண்டரிலேயே டிக்கெட் கிடைக்கும். அந்த 141.60 மிச்சம்.

வீட்டில் பார்க்கையில் 'வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது' என்பதற்கும் பெரிய திட்டம் தீர்வாகாது. பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் 5.1 ஒலியில் வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் தனியாக உண்டு. இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அதை ஒழுங்காகக் கலக்காதபோது வசனம் அமுங்கும். ஆடியோ பட்டியலில் 5.1 என்று போடாத தமிழ்த் தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஒரு சாதாரண சவுண்ட்பார் வாங்குவது, 499-க்கோ 649-க்கோ ஏறுவதைவிட உருப்படியான செலவு.

பாட்டி சீரியல் பார்க்கிற வீட்டில் கேபிளை வெட்டிவிட்டு ஓடிடிக்குப் போகச் சொல்வது அநியாயம். கேபிளிலேயே மிச்சம் பிடிக்க வழி உண்டு. ஆபரேட்டர் கட்டிவிட்ட தொகுப்பில் யாரும் பார்க்காத மொழிச் சேனல்கள் எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பார்த்துவிட்டு, தமிழ்த் தொகுப்பு மட்டும் போதும் என்று கேட்டால் போதும்.

கடைசியாக, நிறுத்துவது. ஆப்பை ஃபோனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. நெட்ஃபிளிக்ஸில் பிரவுசர் வழியாக 'அக்கவுண்ட்' போய் 'கேன்சல் மெம்பர்ஷிப்' அழுத்த வேண்டும். பணம் பிடித்த அன்றே இதைச் செய்துவிடலாம், கட்டிய மாதம் முடியும் வரை படம் ஓடும். திரும்பி வரும்போது அதே மின்னஞ்சலில் நுழைய வேண்டும். சில சேவைகளின் இலவசச் சோதனைக் காலம் மட்டும் ரத்து செய்த நொடியே முடிந்துவிடும். அதில் கடைசி நாளுக்கு முந்தைய நாளை அலாரமாக வைக்க வேண்டும்.

சந்தாவை ரத்து செய்த பிறகு யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதியும் (மேண்டேட்) போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி ரூ.15,000 வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காமலே பணம் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வந்தாக வேண்டும். அந்தத் தகவல் விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே புதைந்துவிடுவதுதான் சிக்கல். வேறு ஏதாவது சேவைக்கு கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால், அந்தச் சேவையின் பக்கத்தில் நிறுத்தும் பொத்தான் பெரும்பாலும் இருக்காது. பிளே ஸ்டோரில் மேலே உள்ள நம் புரொஃபைல் படத்தைத் தொட்டு 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போக வேண்டும். அங்கே போனால், இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கிரிக்கெட் தொடருக்காக எடுத்த இன்னொரு சந்தாவும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிடலாம்.