நடுத்தூண் இல்லாத பெரிய ஹால்: கான்கிரீட் பீமா, ஸ்டீலா, மரமா?

ஹால், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் ஒரே வெளியாக, நடுவில் தூணே இல்லாமல் வேண்டும் என்று கேட்பவர்கள் கூரை இடிந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். ஒழுங்காகக் கணக்குப் போட்ட பீம் அவ்வளவு லேசில் உடையாது. தொய்வும் அதிர்வும்தான் தலைவலி. அதே பீம், அடிக்கு அதே சுமை. நீளத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் வளைவுத் தாக்கம் 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு. மாடியில் குழந்தை ஓடினால் கீழே விளக்கு ஆடுவது இதனால்தான்.

20, 24 அடி வரை சாதாரண கான்கிரீட் பீமே போதும் என்பது என் கருத்து. எல்லாருக்கும் தெரிந்த வேலை, தீயையும் நன்றாகத் தாங்கும். ஆனால் உயரத்தை விழுங்கும். தோராயமாக நீளத்தில் 12-ல் ஒரு பங்கு ஆழம் என்று வைத்தால் 24 அடிக்கு 2 அடி. இன்னொன்று, கான்கிரீட் முதல் நாளோடு நிற்பதில்லை. சுமை நிலையாக இருக்க இருக்க, வருடக்கணக்கில் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்; கடைசியில் ஆரம்பத் தொய்வைப் போல இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரித்தால் இது இன்னும் மோசம்.

"பீம் கண்ணுக்கே தெரியக்கூடாது, ஸ்லாபுக்குள் மறைத்துவிடுங்கள்" என்பார்கள். சின்ன அறைக்குச் சரி. பெரிய ஹாலுக்கு வேண்டவே வேண்டாம். ஆழத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்; அகலத்தைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது.

30 அடியை நெருங்கினால் நான் ஸ்டீல் பக்கம். வளையாமல் நிற்பதில் ஸ்டீல் கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 7, 8 மடங்கு விறைப்பானது. அதனால் பீம் ஒல்லியாகும், கூரை உயரம் மிஞ்சும். ஐ-பீமுக்குப் பதில் டிரஸ் (truss), அதாவது முக்கோணங்களாகக் கோத்த ஸ்டீல் சட்டம், போட்டால் ஏசி குழாயும் வயரும் அதன் நடுவிலேயே போய்விடும். குறை என்ன? சுமார் 550 டிகிரி செல்சியஸ் சூட்டில் பலத்தில் கணிசமான பகுதி போய்விடுகிறது, ஆகவே தீத்தடுப்புப் பூச்சோ உறையோ கட்டாயம். துருவையும் கவனிக்க வேண்டும். பீமைத் தூக்கி வைக்க கிரேன் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள்.

கான்கிரீட்டிலேயே இன்னொரு வழி போஸ்ட் டென்ஷனிங். இதில், கான்கிரீட் இறுகியபின் உள்ளே ஓடும் கேபிள்களை இழுத்துப் பூட்டுகிறார்கள். மெல்லிய ஸ்லாபிலேயே நீளமாகப் போகலாம், தொய்வும் குறைவு. அப்புறம் சீலிங்கில் நினைத்த இடத்தில் ஓட்டை போடவே முடியாது. கேபிள் அறுந்தால் ஆபத்து. ஒரே ஒரு ஹாலுக்காக அந்தக் குழுவை வரவழைப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் ஒட்டுமர பீம் எடை குறைவு, வெளியே தெரிந்தாலும் அழகு. ஈரமும் கரையானும் இல்லாத இடத்தில் யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும், நடுத்தூணை நீக்கினால் அதன் சுமை ஓரத் தூண்களுக்கும் அவற்றின் அஸ்திவாரத்துக்கும் போகும். மாடியில் ஒரு செங்கல் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ பீமின் நடுவில் வந்து உட்கார்ந்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். அதனால் இன்ஜினியரிடம் ஹால் வரைபடத்தை மட்டும் நீட்டாமல் மாடி வரைபடத்தையும் சேர்த்தே கொடுங்கள்.