பிஸ்டனில் வால்வுக் குழி வெட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் எனக்கு நேர்ந்தது

பைக் எஞ்சினுக்கு லிஃப்ட் கூடிய, அதாவது வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் கேம்ஷாஃப்ட் போடுவதற்காகப் பிஸ்டனில் வால்வுக் குழி (திறந்த வால்வு இடிக்காமலிருக்கப் பிஸ்டன் தலையில் வெட்டும் பள்ளம்) வெட்டித் தரும்படி பெங்களூரில் ஏதாவது பட்டறையில் வண்டியைக் கொடுத்திருப்பவர்களும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை ஒரு தாளில்கூட எழுதித் தராத பட்டறைக்கு நான் 62,000 ரூபாய் கொடுத்தேன். வண்டி 410 கிலோமீட்டர்தான் ஓடியது.

என்னுடையது 2019-ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 78 மி.மீ. போர், 67.8 மி.மீ. ஸ்ட்ரோக், கம்ப்ரஷன் (பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படும் விகிதம்) 9.5. கம்பெனி கொடுத்த 47 குதிரைத்திறனில் எனக்குக் குறையொன்றும் இருக்கவில்லை என்றாலும், வாரண்டி முடிந்த பிறகு எஞ்சினைக் கொஞ்சம் மேம்படுத்த வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வெளிநாட்டிலிருந்து ஒரு கேம்ஷாஃப்டை வரவழைத்தேன். அதனுடன் வந்த விவரச் சீட்டில், வால்வு-பிஸ்டன் இடைவெளியை அளந்து பார்க்காமல் பொருத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தச் சீட்டையும் கேமுடன் சேர்த்துத்தான் பட்டறையில் கொடுத்தேன்.

பட்டறை ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. உரிமையாளர் எங்கள் மாவட்டத்துக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். ஊரை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாக அல்சூரில் குடியிருக்கும் எனக்கு, சொந்த மொழியில் எஞ்சினைப் பற்றிப் பேச ஒருவர் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. “சி.என்.சி.யில போட்டு வெட்டிக் குடுக்கிறேன் தம்பி, ரெண்டு பிஸ்டனும் ஒரே அச்சா இருக்கும்” என்றார். சி.என்.சி. என்றால் கணினி கட்டுப்பாட்டில் வெட்டும் மெஷின். புதிய வால்வு ஸ்பிரிங்குகளுக்கும் சேர்த்தே விலை பேசினோம். “அளவு எவ்வளவு வைப்பீங்க அண்ணா?” என்று நான் கேட்டதற்கு, “அதெல்லாம் கை அறியும்” என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே வண்டியைத் திருப்பி எடுத்து வந்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் அளவு ஏன் உயிர்நாடி என்பதைச் சொல்லியாக வேண்டும். பலரும் கேமின் அதிகபட்ச லிஃப்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் வால்வு முழுதாகத் திறந்திருக்கும் நேரத்தில் பிஸ்டன் வெகு கீழே போயிருக்கும், அப்போது இரண்டும் மோதிக்கொள்ள வழியில்லை. ஆபத்தெல்லாம் புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து, புதுக் கலவையை உள்ளே இழுக்கும் இன்டேக் ஸ்ட்ரோக் தொடங்கும் அந்தச் சந்தியில், இரண்டு வகை வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் ஓவர்லேப் நேரத்தில்தான் இருக்கிறது. மூடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு மேலே வரும். பிறகு கீழே இறங்கும் பிஸ்டனை இன்டேக் வால்வு துரத்திக்கொண்டு போகும். பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் எட்டும் உச்சியான மேல்முனைக்கு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் சுழற்சியில் ஏறக்குறைய 10 டிகிரி முன்னால் எக்ஸாஸ்ட் வால்வும், ஏறக்குறைய 10 டிகிரி பின்னால் இன்டேக் வால்வும் பிஸ்டனை மிக நெருங்குகின்றன. கேம் டைமிங் (கேம் வால்வுகளைத் திறந்து மூடும் நேரம்) இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் இந்த இடைவெளி மாறிவிடும்: முன்னால் தள்ளினால் இன்டேக் பக்கம் குறையும், பின்னால் தள்ளினால் எக்ஸாஸ்ட் பக்கம் குறையும். எஞ்சின் கட்டுபவர்கள் பொதுவாக இன்டேக்கில் 2 மி.மீ. அளவும், எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. அளவும் விடுவார்கள், சிறிய பைக் எஞ்சின்களில் இதைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பதும் உண்டு. எக்ஸாஸ்ட்டுக்குக் கூடுதலாக விடுவதற்குக் காரணம், அந்த வால்வு அதிகச் சூட்டில் நீள்வதும், வேகத்தில் ஸ்பிரிங் பின்தங்கினால் மேலே வரும் பிஸ்டனுக்கு முதலில் அகப்படுவது அதுதான் என்பதுமே.

வண்டி கைக்கு வந்த முதல் வாரம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, 6,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும் இடது சிலிண்டரில் சின்னச் சுத்தியலால் தட்டுவது போல் டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டேன். சத்தம் நின்றது, ஆனால் வண்டி ஒரே சிலிண்டரில் திணறிக்கொண்டு நின்றுவிட்டது. தேவனஹள்ளியிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்தேன்.

இந்த முறை பீன்யாவில் முப்பது வருடமாக மில்லிங் மெஷினில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றி இடது பிஸ்டனைத் துணியால் துடைத்ததும், இரண்டு எக்ஸாஸ்ட் குழிகளின் ஓரத்திலும் பிறை வடிவில் பளபளவென்று ஒரு தழும்பு தெரிந்தது. வால்வு வந்து இடித்த இடம் அது. இடது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் வளைந்திருந்தன. குழியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தேங்காயைத் துருவிப்போட்ட சிரட்டை போலச் சொரசொரவென்று இருந்தது. “இது மெஷின்ல ஏறவே இல்ல தம்பி. கை கிரைண்டர்ல சுரண்டியிருக்காங்க” என்றார். டெப்த் கேஜை வைத்துப் பார்த்தபோது ஒரு குழி 1.3 மி.மீ. ஆழமும் பக்கத்துக் குழி 0.6 மி.மீ. ஆழமும் இருந்தன. இரண்டு பிஸ்டன்களுக்கும் எடையில் 5 கிராம் வித்தியாசம். காசு வாங்கிய ஸ்பிரிங்குகள் மாற்றப்படவே இல்லை. பழையவற்றையே கழுவிப் போட்டிருந்தார்கள்.

அடிபடாத வலது சிலிண்டரில் அவர் செய்து காட்டிய சோதனையை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு விரல் கனத்துக்கு அப்பி, ஒட்டாமல் இருக்க வால்வில் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டுடன் ஹெட்டை இறுக்கி, கேம் டைமிங்கைச் சரிபார்த்த பின் கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். ஹெட்டைத் திரும்பவும் கழற்றியபோது களிமண்ணில் நான்கு வால்வுகளின் தடமும் பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்தார். எக்ஸாஸ்ட்டில் 0.7 மி.மீ. எஞ்சின் ஓடாமல் குளிர்ந்து கிடக்கும்போதே அவ்வளவுதான். களிமண்ணுக்கும் பிளேடுக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகாத, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற இந்தச் சோதனையைத்தான் 62,000 ரூபாய் வாங்கியவர்கள் செய்யவில்லை.

குழி ஆழமாக இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். குழிக்கு அடியில் மிஞ்சும் உலோகத்தின் கனத்தையும், பிஸ்டனின் மேல் ரிங் உட்காரும் காடிக்கும் குழிக்கும் நடுவே உள்ள தூரத்தையும் வெட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் ஒருநாள் ஓட்டையாகிவிடும். வெட்டிய விளிம்பு கூராக இருந்தால் அது பழுத்துச் சிவந்து, ஸ்பார்க்குக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். கம்ப்ரஷனும் இறங்கும்: என் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 2 சிசி அளவுக்குக் குழி வெட்டினால் 9.5 என்பது ஏறக்குறைய 9.1 ஆகிவிடும். கேமில் கிடைக்கும் பலனில் ஒரு பகுதி இப்படியே போய்விடும்.

பட்டறைக்காரரிடம் பிஸ்டனைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான் 7,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் முறுக்கியதால்தான் இப்படி ஆனது என்றார். குழிகள் ஏன் ஒரே அளவில் இல்லை என்று கேட்டதற்கும், ஸ்பிரிங்குகள் எங்கே என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இல்லை. அவர் தந்திருந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத வெறும் துண்டுச் சீட்டு. ஆனாலும் பணத்தை யுபிஐ வழியாகவே அனுப்பியிருந்தேன், “சி.என்.சி. வேலை முடிந்தது, ஸ்பிரிங் போட்டாச்சு” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருக்கிறது. இவற்றையும் பீன்யாப் பெரியவர் எழுதிக் கையெழுத்திட்ட அளவுகளையும் இணைத்து, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உங்களிடமும் இப்படி ஒரு துண்டுச் சீட்டு இருந்தால், பழைய பிஸ்டனையும் வால்வையும் எக்காரணத்தைக் கொண்டும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அவைதான் சாட்சி.

இதே வேலையை அளவுச் சீட்டு இல்லாமல் செய்து வாங்கி, இப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், ஹெட்டைக் கழற்றிக் களிமண் வைத்துப் பார்க்கும் வரை தயவுசெய்து எஞ்சினை முறுக்காதீர்கள், 4,000 ஆர்.பி.எம்.முக்குள்ளேயே ஓட்டுங்கள். டக்டக்கென்று ஒரே ஒரு முறை கேட்டாலும் கிளட்சைப் பிடித்து, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.