டிரைவ்வே வாயில் கிடக்கும் வரப்பு: சவலா, ஸ்னோ புளோயரா, கான்ட்ராக்டா?

கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புதிதாக வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் நவம்பர் பிறந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்னோவுக்கு என்ன வாங்கலாம்?" என்பதுதான். அபார்ட்மென்டில் இருந்தவரைக்கும் இது யாருக்கும் கவலையில்லை. யாரோ வந்து வழித்துவிட்டுப் போவார்கள், நாம் இறங்கி பஸ் பிடிப்போம். சொந்த டிரைவ்வே, அதாவது தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கார்ப்பாதை, வந்த பிறகுதான் பனியை நாமே தூக்க வேண்டும் என்பது தெரியும். நான் சவல் (பனி அள்ளும் மண்வெட்டி), ஆள் வைக்கும் கான்ட்ராக்ட், பனியை இழுத்து வீசும் ஸ்னோ புளோயரில் பேட்டரி இயந்திரம், பெட்ரோல் இயந்திரம் நான்கையும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிவரை நின்று 15 சென்டிமீட்டர் பனியை முழுக்க வழித்துவிட்டு, முதுகு பிடித்துக்கொள்ள, நிம்மதியாகப் படுத்தேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் டிரைவ்வே சுத்தமாக இருக்கிறது, ஆனால் அது தெருவைத் தொடும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. இடையில் ஸ்னோ பிளவ் வண்டி தெருவை வழித்துக்கொண்டு போயிருக்கிறது, ஓரத்தில் ஒதுங்கியதெல்லாம் என் வாசலில். விண்ட்ரோ என்று நகராட்சித் தாள்களில் எழுதுவது இதைத்தான். எனக்கு வயல் வரப்பு மாதிரியே தெரிவதால் வரப்பு என்றே சொல்கிறேன். உப்பில் பாதி கரைந்த பழுப்புச் சேறு, செங்கல் அளவு ஐஸ் கட்டிகள், அதன்மேல் இறுகிய பனி. சவலைக் குத்தினால் 'டங்' என்று திரும்பி வருகிறது.

எதை வாங்குவது என்பதை இந்த வரப்புதான் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. கடைக்காரரும் வானிலைக்காரரும் சொல்லும் சென்டிமீட்டர் கணக்கு அடுத்தபடிதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்றால் 60 சதுர மீட்டர். அதில் 15 சென்டிமீட்டர் விழுந்தால் 9 கன மீட்டர் பனி. ஜனவரிக் கடுங்குளிரில் விழும் மாவுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ, அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும், ஆக மொத்தம் 900 கிலோ. அதே உயரம் மார்ச் மாத ஈரப்பனியாக இருந்தால் கன மீட்டருக்கு 300 கிலோ வரை போகும், அப்போது மொத்தம் 2,700 கிலோ. ஒரே 15 சென்டிமீட்டர், மூன்று மடங்கு எடை. வரப்போ இன்னும் இறுகியது, பார்வைக்குச் சின்னதுதான் என்றாலும் அரை டன்னுக்குக் குறையாது, அதுவும் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில்.

சரி, சவல். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், ஒரே சவல் எல்லாவற்றுக்கும் ஆகாது. அகலமாக வளைந்திருக்கும் தள்ளுகிற சவல் மாவுப் பனிக்கு. இரும்பு விளிம்பு வைத்த சின்ன சவல் ஐஸை உடைத்து அள்ள. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் நம் ஆட்கள் பலர் வாங்குவதில்லை: பெரிய முறம் போன்ற அடிப்பகுதி, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி U வடிவக் கைப்பிடி. பனியை முறத்தில் ஏற்றி அப்படியே சறுக்கிக்கொண்டுபோய்ப் புல்தரையில் கவிழ்க்க வேண்டியதுதான், தூக்கவே வேண்டாம். கியூபெக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒரு கார் டிரைவ்வேக்கு இதுவும் இரும்பு விளிம்புச் சவலும் இருந்தால் இயந்திரமே தேவையில்லை. ஈரப்பனி ஒட்டாமல் இருக்கப் பலகையில் சமையல் எண்ணெயைத் துணியால் ஒரு தடவை தடவினால் போதும்.

ஆனால் சவலில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருவதும் இறப்பதும் கூடுகிறது என்றது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தெற்காசியர்களான நமக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. சர்க்கரை, பிரஷர் இருப்பவர், ஐம்பது தாண்டியவர், தினமும் நடக்கும் பழக்கம்கூட இல்லாதவர், இவர்கள் யாரும் காலையில் வெறும் வயிற்றில் காபியைக் குடித்துவிட்டு வரப்பை உடைக்கப் போக வேண்டாம். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ பிடித்தால் சவலைப் போட்டுவிட்டு உடனே 911.

அப்புறம் கான்ட்ராக்ட். முதுகு வலியோடு முதல் வருடம் போனதால் அடுத்த இரண்டு வருடமும் ஆள் வைத்தேன். பணம் சீசனுக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும், பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் அதே தொகைதான். எனக்கு வந்தவர் விடியற்காலை நாலு மணிக்கே டிராக்டரில் வந்து பளிச்சென்று வழித்துவிட்டுப் போவார். ஏழு மணிக்குப் பிளவ் வரும். மறுபடி வரப்பு. போன் பண்ணினால், ஒரு தடவைதான் வருவோம், தாளைப் படியுங்கள் என்றார்கள். படித்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு கேட்க வேண்டியவை: எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் வருவார்கள் (பல இடங்களில் 5), பிளவ் போன பிறகு இரண்டாம் தடவை வருவார்களா, வாசல்படியும் நடைபாதையும் சேர்த்தியா, உப்பு போடுவார்களா. இரண்டாம் தடவை வருவோம் என்று எழுத்தில் தராதவருக்குக் காசு கொடுக்காதீர்கள். தருகிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும், நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கும், இதயத்தில் குறை இருப்பவர்களுக்கும் இதுதான் என் முதல் சிபாரிசு.

இதற்கு முன் உங்கள் நகராட்சி என்ன செய்கிறது என்றும் பாருங்கள். டொராண்டோவில் இயந்திரம் நுழையக்கூடிய தெருக்களில் ஒரு கார் போகிற அகலத்துக்கு வரப்பை அவர்களே திறந்துவிடுகிறார்கள். சில ஊர்களில் முதியோரும் உடல் முடியாதவர்களும் விண்ணப்பித்தால் உண்டு, மற்றவர்களுக்கு அது வீட்டுக்காரர் வேலை. மாண்ட்ரியல் முறையே வேறு. அங்கே வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் விழும் பனியை ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் தெருவே மூடிப்போகும், அதனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சாலையும் நடைபாதையும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். ஏற்றுவதற்குமுன் சைரன் ஒலிக்கும், தெருவில் நிறுத்திய காரை எடுத்துவிட வேண்டும். அள்ளியதில் ஒரு பெரும் பங்கு பழைய பிராங்கோன் கல்குவாரிக்குப் போகிறது, அந்தப் பனிமலை கோடையிலும் முழுதாகக் கரையாமல் அழுக்காக நிற்கும். அதன் பாதி அளவே பனி விழும் டொராண்டோவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 1999 ஜனவரியில் அடுத்தடுத்து விழுந்தபோது மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட வேண்டி வந்தது.

நாலாவது வருடம் பேட்டரியில் ஓடும் ஸ்னோ புளோயர் வாங்கினேன். ஒற்றைக்கட்டம் என்பார்கள், அதாவது ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டுச் சுழன்று, அதே வேகத்தில் பனியைக் குழாய்வழியாக வெளியே வீசும். தரை வரைக்கும் சுத்தமாகும், சத்தம் குறைவு, விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை எழாது, என் மனைவியும் மகளும்கூட ஒரு கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். மாவுப் பனிக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் வரப்பில் விட்டால் துடுப்பு ஐஸ்மேல் ஏறித் துள்ளுகிறது. ஈரப்பனியில் குழாய் அடைத்துக்கொள்கிறது. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், கராஜில் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் வைத்துக் கடைசி நிமிடத்தில் மாட்ட வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் இரட்டைக்கட்ட இயந்திரம் அப்படியில்லை. முன்னால் இரும்புத் திருகு பனியையும் ஐஸையும் உடைத்து உள்ளே இழுக்கும், உள்ளே தனி விசிறி ஒன்று அதை எடுத்துத் தூர வீசும். திருகு தரையைத் தொடாததால் சரளைக்கல் டிரைவ்வேயிலும் ஓட்டலாம். வரப்பை மென்று தின்பது இது ஒன்றுதான். விலை அதிகம், நூறு கிலோவை ஒட்டிய எடை, கராஜில் பாதியை அடைத்துக்கொள்ளும், ஆயில் மாற்ற வேண்டும், ஏப்ரலில் டாங்கில் மிச்சம் விட்ட பெட்ரோல் கெட்டு அடுத்த டிசம்பரில் கிளம்பாமல் நிற்கும். திருகில் கல்லோ நாளிதழ்க் கட்டோ மாட்டினால் ஷியர் பின் என்ற சின்ன ஆணி தானே முறிந்து கியரைக் காப்பாற்றும், அதில் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மறக்கவே கூடாது: எந்த இயந்திரமானாலும் அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கையை விடாதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே முறுக்கு தேங்கியிருக்கும், அடைப்பை எடுத்த கணம் விசிறி அரைச்சுற்று சுற்றும், விரல் போய்விடும். கூடவே கொடுக்கும் பிளாஸ்டிக் குச்சி அதற்குத்தான்.

இப்போது எங்கள் தெருவில் என்ன ஏற்பாடு என்றால், எதிர்வீட்டு ஐயாவும் நானும் பாதிப் பாதி போட்டு ஒரு பெட்ரோல் இயந்திரம் வாங்கினோம். அவர் கராஜில் நிற்கிறது, நான் இரண்டு வாசலையும் வழிப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் இங்கே. அவர் சொல்லிக்கொடுத்த ஒரு வேலை எல்லா இயந்திரத்தையும்விட எனக்கு உதவியது. தெருவைப் பார்த்து நில்லுங்கள், பிளவ் உங்கள் இடது கைப்பக்கத்திலிருந்து வரும். டிரைவ்வேக்கு இடது பக்கம், தெரு ஓரமாக, ஒரு கார் அளவு இடத்தை முன்கூட்டியே வழித்து வையுங்கள். பிளவின் தகடு சுமந்து வருவது அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும், உங்கள் வாசலுக்கு வரும்போது தகட்டில் கொஞ்சம்தான் மிச்சம். நீங்கள் வழிக்கும் பனியை வலது பக்கம் புல்லில் குவியுங்கள், தெருவில் தள்ளினால் அபராதம்.

உப்பா மணலா என்பதிலும் அவர்தான் என்னைத் திருத்தினார். நான் பனி விழ விழ மேலேயே உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, முதல்ல ஸ்னோவை வழிச்சுப்போட்டுப் பிறகு உப்பைப் போடும். மேல கொட்டினா உப்புத்தான் வீண்" என்றார். உண்மைதான், உப்பின் வேலை தரையில் ஒட்டிய மெல்லிய ஐஸை விடுவிப்பது. சாதாரணப் பாறை உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். கால்சியம் குளோரைடு மைனஸ் இருபதுகளிலும் கரைக்கும், விலை கூட. மணல் எதையும் கரைக்காது, ஆனால் எந்தக் குளிரிலும் கால் வழுக்காமல் பிடிக்கும், அதனால்தான் வின்னிபெக் போன்ற கடுங்குளிர் ஊர்களில் தெருவுக்கே மணல் போடுகிறார்கள். ஒன்டாரியோவில் உப்புக்குக் குறைவில்லை, ஹூரன் ஏரிக்கு அடியில், கோட்ரிச் (Goderich) என்ற ஊரின் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிறார்கள், அதனாலேயே நாம் அள்ளிக் கொட்டுகிறோம். வசந்தத்தில் அதில் நிறைய ஓடைக்குப் போய் மீனையும் தவளையையும் கொல்கிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசின் மதிப்பீடே 2001-ல் சொல்லிவிட்டது. புதிதாகப் போட்ட கான்கிரீட் படி ஒரே குளிர்காலத்தில் பொரிந்து உதிரும். மைனஸ் 10க்கு மேலே ஒரு கைப்பிடி உப்பு, அதற்குக் கீழே மணல், இதுதான் என் வாசலில் நடப்பது.

டயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் யோசிக்க அதிகம் இல்லை. ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், பெயரில் எல்லாப் பருவமும் இருந்தாலும் ஐஸில் நிற்காது. வின்டர் டயர் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஆல் வெதர் என்று ஒன்று இருக்கிறது, பக்கவாட்டில் மூன்று முகடு மலையும் அதற்குள் பனித்துகளும் அச்சிட்டிருக்கும், நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கும் டயர் மாற்றி அடுக்க இடமில்லாதவர்களுக்கும் அது போதும். தினமும் ஹைவேயில் பாரி, பீட்டர்பரோ பக்கம் போகிறவர்களுக்கு வின்டர் டயர்தான், நாலு சக்கரத்துக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிளம்ப உதவும், பிரேக் பிடிக்க உதவாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் போடுவது சட்டம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் இன்சூரன்ஸில் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும், புதுப்பிக்கும்போது கேளுங்கள். மாற்றுவதற்கான நேரத்தை அக்டோபரிலேயே பதிந்து வையுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் போன் பண்ணினால் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைக்கும்.